குறையுள்ள மனிதர்களின் காதல்: தன்பாலீர்ப்பு நாவல்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களின் காதலைச் சொல்லும் சமகால நாவல்களைத் தேடி வருகிறவர்களில் ஒரு சாராருக்குத் தங்கள் தேவை என்னவென்று நன்றாகவே தெரியும். கட்டழகும் பணமும் பெருந்தன்மையும் ஒருங்கே வாய்த்த நாயகர்கள் அவர்களுக்கு வேண்டாம்; பொய் சொல்கிற, பயந்து பின்வாங்குகிற, தான் நேசிப்பவரையே புண்படுத்திவிட்டு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தவிக்கிற மனிதர்கள் வேண்டும். இந்தத் தேவையோடு வருபவர் மூன்று வகை நூல்களுக்கிடையே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, காதல் நாவல் என்ற வகைப்பெயருடனேயே விற்கப்படும் நூல்கள்; காதலர்கள் இறுதியில் சேர்ந்திருப்பார்கள் என்பது இவை வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. இரண்டாவது, அப்படி எந்த வாக்கும் கொடுக்காத இலக்கிய நாவல்கள். மூன்றாவது, பதின்பருவத்தினரைப் பற்றி, பெரும்பாலும் அவர்களுக்காகவே எழுதப்படும் நாவல்கள். மூன்றிலும் நல்ல நூல்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு மனிதனின் குறையைக் கையிலெடுத்துக்கொண்டு அவை ஒவ்வொன்றும் செய்வது வேறு வேறு காரியம். தேர்வு அதைப் பொறுத்தே அமைய வேண்டும்.

நடைமுறையில் பலரும் வேறொரு அளவுகோலைக் கைக்கொள்கிறார்கள். யதார்த்தம் வேண்டுமென்றால் இலக்கிய நாவல், ஆறுதல் வேண்டுமென்றால் காதல் நாவல் என்று பிரித்துவிட்டு, குறையுள்ள மனிதர்களைத் தேடும் வாசகரை நேராக இரண்டாவது வகைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சுப முடிவு உறுதி என்று முன்கூட்டியே தெரிந்த கதையில் மனிதர்கள் உண்மையானவர்களாக இருக்க முடியாது என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. குறைகளைக் கூர்ந்து பார்க்க விரும்பும் வாசகர், முடிவு உறுதியான காதல் நாவல்களில் தொடங்குவதே நல்லது என்பது என் துணிபு.

முதலில் சோக முடிவுக்கு இருக்கும் மதிப்பைக் கொஞ்சம் ஆராய வேண்டும். ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1913-இல் தொடங்கி 1914-இல் எழுதி முடித்த 'மாரிஸ்' நாவல், அவர் இறந்த பிறகு 1971-இல்தான் அச்சில் வந்தது. இரண்டு ஆண்கள் காதலித்துச் சேர்ந்து வாழப் போகிறார்கள் என்று அந்த நாவல் முடிகிறது. இன்பமான முடிவு இந்தக் கதைக்குக் கட்டாயம் என்று தாம் கருதியதை 1960-இல் எழுதிய பின்குறிப்பில் ஃபார்ஸ்டர் பதிவு செய்திருக்கிறார்; காதலர்களில் ஒருவர் தூக்கில் தொங்கியோ இருவரும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டோ கதை முடிந்திருந்தால் அதை வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதுவந்த ஆண்களுக்கிடையிலான உறவு, தனிமையில் நடந்தாலும் குற்றம் என்ற நிலை 1967-இல்தான் மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் 1950-களில் வெளிவந்த மலிவுப் பதிப்பு நாவல்களிலும், ஆபாசம் என்று அஞ்சல் துறை பறிமுதல் செய்துவிடக்கூடாது என்பதற்காக, தன்பாலினக் காதலர்களைப் பிரித்தோ அழித்தோ முடிக்கும்படி பதிப்பாசிரியர்கள் கேட்டுக்கொண்டதுண்டு. ஆக, அந்தக் காலத்து நாவல்களின் சோகம் முழுவதையும் வாழ்க்கையைக் கண்டெழுதிய சோகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதில் ஒரு பகுதி, புத்தகம் கடைக்குப் போய்ச் சேருவதற்காகக் கட்டிய வரி. இன்றைய வாசகர் ஒரு நாவலை எடைபோடும்போது, துயரத்தில் முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை யதார்த்தம் என்று நம்பிவிட வேண்டியதில்லை.

காதல் நாவலின் உறுதியான முடிவு கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் நெடுங்காலமாக முன்வைத்த வரையறையில் இரண்டே நிபந்தனைகள்தான் உண்டு: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். வாசகர்கள் இந்த முடிவை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். என்றென்றும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது ஒன்று, இப்போதைக்கு நன்றாக இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. எதுவாயினும், சேர்வார்களா மாட்டார்களா என்ற கேள்வி வாசகர் மனத்திலிருந்து தொடக்கத்திலேயே நீங்கிவிடுகிறது. எழுத்தாளருக்கு அது பெரிய சுதந்திரம். நாயகனை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கீழே இறக்கலாம். வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிட மாட்டார். எஞ்சியிருக்கும் கேள்வி, இவ்வளவு சேதம் செய்த மனிதன் எதையெல்லாம் சரிசெய்த பிறகு அந்த முடிவுக்குத் தகுதி பெறுகிறான் என்பது. குறைகளைப் பற்றி இதைவிடப் பயனுள்ள கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அலெக்சிஸ் ஹாலின் 'பாய்ஃப்ரெண்ட் மெட்டீரியல்' (2020) இதற்கு நல்ல சான்று. கதையைச் சொல்லும் லூக், ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த இரண்டு ராக் இசைக் கலைஞர்களின் மகன். குழந்தைப் பருவத்திலேயே தந்தை விட்டுப் போய்விட்டார். பின்னாளில் காதலன் ஒருவன் லூக்கின் அந்தரங்கத்தைப் பத்திரிகைக்கு விற்றுவிடுகிறான். சாணவண்டுகளைக் காக்கும் ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவது அவன் வேலை. கிசுகிசுப் பத்திரிகையில் வந்த ஒரு படத்தால் அந்த வேலைக்கே ஆபத்து வந்ததும், மரியாதைக்குரிய காதலன் ஒருவன் இருப்பதாக ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. அதற்காக ஆலிவர் என்ற வழக்கறிஞனோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறான். காதலிப்பது போல் நடிக்கத் தொடங்கி உண்மையிலேயே காதலிப்பது என்பது இந்த வகையில் எத்தனையோ முறை எழுதப்பட்ட கதைதான். ஆனால் ஹால் அந்தப் பழைய கட்டமைப்பைக் கொண்டு லூக்கின் ஒரே ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார். எப்படியும் விட்டுப் போகப்போகிறார்கள் என்ற முடிவோடு, எதிராளி போவதற்கு முன்பே தானே முறித்துக்கொள்வதுதான் அந்தப் பழக்கம். லூக்கின் பேச்சு நெடுகத் தன்னைத்தானே மட்டம் தட்டுவது. அதை நாம் முதலில் பணிவு என்று எடுத்துக்கொள்கிறோம். சில அத்தியாயங்கள் போனபின், தன்னைத் திட்டிக்கொள்வதில் மூழ்கியிருப்பவனுக்கு அருகிலிருப்பவர்களின் கஷ்டம் கண்ணில் படுவதே இல்லை என்பது புலனாகிறது. நண்பர்கள் அவனுக்காக ஓடி ஓடி உழைக்கிறார்கள். அவனோ தன் அவமானத்தையே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நாவல் அடுத்துச் செய்வதுதான் முக்கியமானது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற, உணவு முதல் அறம் வரை ஒவ்வொன்றுக்கும் விதி வைத்திருக்கிற ஆலிவர்தான் இருவரில் பக்குவமானவன் என்று வாசகர் நம்பிவிடுகிறார், லூக்கும் நம்புகிறான். ஆலிவரின் பெற்றோர் வீட்டு விருந்தில் அந்த ஒழுங்கின் வேர் வெளிப்படுகிறது. ஒவ்வொரு சொல்லாலும் மகனைச் சிறுமைப்படுத்தும் பெற்றோரை அவன் நல்லவர்கள் என்று நம்பியே வளர்ந்திருக்கிறான். அதன்பின் உறவிலிருந்து விலகப் பார்ப்பவன் லூக் அல்ல, ஆலிவர். ஒருவன் குறையுள்ளவன், மற்றவன் அவனைத் தேற்றுபவன் என்ற பங்கீடு அங்கே உடைந்துபோகிறது. முடிவு உறுதி என்று தெரிந்தே வாசித்தாலும் அந்த இடத்தில் மனம் பதறுகிறது.

அதே எழுத்தாளரின் 'கிளிட்டர்லேண்ட்' (2013) இன்னும் கடுமையானது. ஆஷ் ஒரு துப்பறியும் நாவலாசிரியன். இருதுருவ மனநிலைக் கோளாறோடு வாழ்பவன். ஓர் இரவு மட்டுமே பழகிய டேரியன் என்ற விளம்பர அழகனைத் தூங்கும்போதே விட்டுவிட்டு ஓசையில்லாமல் வெளியேறுவதில் கதை தொடங்குகிறது. நோய் ஆஷைப் படுத்துகிறது என்பது உண்மை. அதைவிட, டேரியனின் பேச்சு வழக்கையும் பின்னணியையும் பார்த்து அவனுக்குள் எழும் வர்க்க இளக்காரம் அவனுக்கு நோயால் வந்ததல்ல என்பதை நாவல் தயங்காமல் சொல்கிறது. மனநோயுள்ள ஒருவரைப் பரிதாபத்துக்குரியவராக மட்டும் காட்டாமல், தன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டிய முழு மனிதராகக் காட்டும் மரியாதை அதில் இருக்கிறது. ஆனால் ஆஷின் குரலைச் சகித்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். இந்த வகையில் முதல் நூலாக இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளலாம்.

காதல் நாவல்களின் பலவீனங்களையும் மறைக்கக்கூடாது. காதல் கிடைத்தவுடன் பல்லாண்டுக் கால மனக்காயம் ஆறிவிடும் நூல்கள் இந்த வகையில் ஏராளம். முடிவுக்குச் சற்று முன்னால் வரும் பிரிவு, ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் குழப்பமாக இருப்பதும், மன்னிப்பு என்ற பெயரில் ஊரறிய ஓர் ஆரவாரக் காட்சி நடந்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டதாகக் கொள்வதும் அடிக்கடி நிகழ்கின்றன. இன்னொரு வகை நாவல், குறைகளைக் காட்டுவதைத் தன் நோக்கமாகவே கொள்வதில்லை. கேசி மக்விஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' (2019) அப்படிப்பட்டது. அமெரிக்க அதிபரின் மகனும் பிரிட்டிஷ் இளவரசனும் காதலிக்கும் அந்தக் கதையில், அலெக்ஸின் அவசரபுத்தியும் ஹென்றியின் ஒதுங்கும் குணமும் அன்போடு எழுதப்பட்டிருக்கின்றன. எனினும் உலகம் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற ஆசையே அந்த நாவலைச் செலுத்துகிறது. அந்த ஆசையில் தவறேதும் இல்லை. இங்கே பேசப்படும் தேவைக்கு அது பொருந்தாது, அவ்வளவே.

இலக்கிய நாவல்களில் ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவான்னிஸ் ரூம்' (1956) சமகாலத்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், அதைக் குறிப்பிடாமல் மேலே போக முடியாது. பால்ட்வினின் முதல் நாவலை வெளியிட்ட நிறுவனமே இதை ஏற்க மறுத்தது. பாரிஸில் வாழும் அமெரிக்கனான டேவிட், இத்தாலியனான ஜியோவான்னியைக் காதலிக்கிறான். தன் காதலைக் கண்டே அருவருப்படைந்து அவனைக் கைவிடுகிறான். பின்னர் ஜியோவான்னி கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்று, அந்தத் தண்டனை நிறைவேறவிருக்கும் நேரத்தில் டேவிட் இந்தக் கதையைச் சொல்கிறான். தன்னைப் பற்றி இவ்வளவு கூர்மையாகப் பேசத் தெரிந்த ஒருவன், தான் செய்த துரோகத்தின் அளவை மட்டும் கடைசிவரை முழுதாக ஏந்த முடியாமல் நிற்பது, குறையுள்ள பாத்திரம் என்பதன் உச்ச எழுத்து. ஆனால் இங்கே சரிசெய்வதற்கு இடமே கிடையாது. குறையும் அதன் விலையும் மட்டுமே உண்டு.

இன்றைய நாவல்களில் பிரையன் வாஷிங்டனின் 'மெமோரியல்' (2020) என்னை மிகவும் ஈர்த்தது. ஹியூஸ்டனில் சுமார் நான்கு ஆண்டுகளாக ஒன்றாக வாழும் பென்சனும் மைக்கும் பிரிவின் விளிம்பில் இருக்கிறார்கள். பென்சன் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறான், மைக் சமையல்காரன். ஜப்பானிலிருந்து மைக்கின் தாய் மிட்சுகோ வந்து இறங்கியதுமே, ஒசாகாவில் சாகக்கிடக்கும் தந்தையைப் பார்க்க மைக் விமானம் ஏறிவிடுகிறான். முன்பின் அறியாத தாயும் மகனின் காதலனும் ஒரு சிறிய வீட்டில் தனித்து விடப்படுகிறார்கள். மிட்சுகோ சமைக்கிறாள், பென்சன் முதலில் ஒதுங்கி நிற்கிறான், பிறகு காய் நறுக்குகிறான், பிறகு கற்றுக்கொள்கிறான். பெரிய உரையாடல் எதுவும் நடப்பதில்லை. இந்த அடுக்களைக் காட்சிகளில், பென்சன் தன் காதலனோடு இத்தனை ஆண்டுகளில் பேசாததை அவன் தாயோடு பேசாமலேயே பகிர்ந்துகொள்வதை வாசகர் காண்கிறார். முதல் பகுதி பென்சனின் குரல், நடுப்பகுதி மைக்கின் குரல், கடைசிப் பகுதி மீண்டும் பென்சனின் குரல். முதல் பகுதியில் பொறுப்பற்றவனாகத் தெரிந்த மைக், தன் பகுதியில், வெறுத்து வளர்ந்த தந்தைக்குப் பணிவிடை செய்யும் மகனாகத் தெரிகிறான். மைக்கின் கண்ணால் பார்க்கும்போது பென்சனின் மௌனம், தண்டனையாகவே கையாளப்பட்ட மௌனமாகத் தெரிகிறது. இருவரும் ஒருவரையொருவர் கைநீட்டி அடித்திருக்கிறார்கள் என்ற செய்தியைக்கூட நாவல் எந்தப் பக்கமும் சாயாமல் சொல்லிவிட்டுப் போகிறது. சேர்வார்களா பிரிவார்களா என்பது முடிவில் திறந்தே இருக்கிறது.

பிராண்டன் டெய்லரின் 'ரியல் லைஃப்' (2020), அந்த ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப்பட்டியலுக்கு வந்த நாவல், வேறொரு கோணத்தைத் தருகிறது. உயிர்வேதியியல் ஆய்வு மாணவனான வாலஸ், பெரும்பாலும் வெள்ளையர்களாலான நண்பர் குழுவில் தனித்து நிற்கும் கறுப்பின இளைஞன். அவன் மாதக்கணக்கில் வளர்த்த நூற்புழுக்களில் பூஞ்சை படிந்து ஆய்வு பாழாகிக் கிடப்பதோடு கதை தொடங்கி, ஒரே வாரயிறுதிக்குள் முடிந்துவிடுகிறது. தன்னைத் தன்பாலீர்ப்பாளன் என்று ஏற்காத மில்லரோடு அவனுக்கு ஏற்படும் நெருக்கத்தில் கனிவும் வன்முறையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. வாலஸ் அடுக்கடுக்காகக் காயப்பட்டவன். அதே வாலஸ் ஒரு விருந்தில், நண்பன் தன்னிடம் நம்பிச் சொன்ன அந்தரங்கத்தை எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைக்கிறான். பாதிக்கப்பட்டவரும் பிறரைப் பாதிக்கக்கூடியவரே என்பதை இவ்வளவு நேர்மையாக எழுதிய பக்கங்கள் காதல் நாவல்களில் எளிதில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியிருந்தும் இரண்டாவது வகையை முதலில் வாசிக்கச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. இலக்கிய நாவல் குறையை நுட்பமாகக் காட்டுகிறது. அதைச் சரிசெய்யும் நீண்ட, சலிப்பூட்டும், அன்றாட வேலையைப் பெரும்பாலும் கதைக்கு வெளியே விட்டுவிடுகிறது. ஒரு துரோகத்துக்குப் பின் இருவர் எப்படி மீண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், மன்னிப்பு எத்தனை முறை தவறிப்போன பிறகு பொருந்துகிறது, மறுபடி நம்புவது எந்த நாளில் எந்தச் சின்ன விஷயத்தில் தொடங்குகிறது என்பதையெல்லாம் பக்கக்கணக்கில் எழுதும் பொறுமை நல்ல காதல் நாவலுக்கு உண்டு. யதார்த்த வாழ்வில் முறிவு எவ்வளவு உண்மையோ, இந்தச் சீரமைப்பும் அவ்வளவு உண்மை. தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்வில் முறிவை மட்டும் உண்மையென்று மதிக்கும் வாசிப்பு, அவர்களில் எத்தனையோ பேர் கட்டிக் காத்துவரும் உறவுகளைக் கணக்கில் கொள்ளாமல் போய்விடுகிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த நாவல்களைத் தேடி வருபவர்களில் தன்பாலீர்ப்பாளர்களான இளைஞர்களும் இருக்கிறார்கள் என்பதுதான். குறைகளோடு இருக்கும் தன்னை ஒருவர் நேசிக்கக்கூடும் என்பதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் முதல் சான்று ஒரு நாவலாக இருக்கலாம்.

இரண்டு வகைக்கும் நடுவே நிற்பது ஆண்ட்ரூ ஷான் கிரியரின் 'லெஸ்'. 2017-இல் வெளிவந்து, 2018-இல் புனைகதைக்கான புலிட்சர் பரிசு பெற்றது. ஐம்பது வயதை எட்டப்போகும் எழுத்தாளரான ஆர்தர் லெஸ், முன்னாள் காதலனின் திருமணத்துக்குப் போகாமல் தப்பிக்க, உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அழைப்புகளையெல்லாம் ஏற்றுக்கொண்டு பயணம் கிளம்புகிறார். அசட்டுத்தனமும் சுயபச்சாதாபமும் நிறைந்த நடுவயது மனிதர். அவரைச் சொல்லும் குரல் யாருடையது என்பது வாசிக்க வாசிக்கத் துலங்கும்போது, அந்தக் குறைகளின் மீது விழுந்திருந்த ஒளியே மாறிவிடுகிறது. இலக்கிய நாவலின் நடையும் காதல் நாவலின் மனநிறைவும் ஒரே நூலில் வேண்டும் என்பவருக்கு இதைத் தயங்காமல் தரலாம். நாயகர்கள் எல்லாரும் இருபதுகளில் இருப்பது அலுத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும்.

பதின்பருவ நாவல்களைப் பற்றி நீட்டிப் பேச அவசியமில்லை. பெக்கி ஆல்பர்டாலியின் 'சைமன் வெர்சஸ் தி ஹோமோ சேபியன்ஸ் அஜெண்டா' (2015) நூலில், பெயர் தெரியாத ஒருவனோடு சைமன் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்களை வைத்து வகுப்புத் தோழன் ஒருவன் அவனை மிரட்டுகிறான். ரகசியம் வெளியாகாமலிருக்க, தன் தோழியை அந்த மிரட்டுபவனோடு நெருக்கமாக்கும் வேலையைச் சைமன் செய்கிறான். மிரட்டலுக்கு ஆளானவன் என்ற பரிவு நமக்கு இருக்கும்போதே, தோழியின் மனத்தை ஒரு பண்டமாற்றுப் பொருளாக்கினான் என்ற உண்மையும் உறைக்கிறது. அவள் அதை அறிந்து கோபப்படும் இடத்தை நாவல் மழுப்பவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து மனிதர்களின் பிழைகள் அவர்களோடே வளர்ந்து மாறிவிடும் என்ற நம்பிக்கை இந்த வகைக்கு அடிப்படை. இருபதாண்டுகளாக ஊறிப்போன பிழைகளைத் தேடும் வாசகருக்கு இது போதாது.

இந்த நூலை ஒட்டி நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவும் தேர்வு சம்பந்தப்பட்டதுதான். தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி எதிர்பாலீர்ப்பு கொண்ட பெண்கள் எழுதுவது முறையா என்ற வாக்குவாதத்தில் ஆல்பர்டாலியின் பெயர் தொடர்ந்து இழுக்கப்பட்டது. கடைசியில் 2020-இல், தாம் இருபாலீர்ப்பு கொண்டவர் என்று அவர் பொதுவெளியில் சொல்ல வேண்டி வந்தது. அதைத் தாம் விரும்பிய நேரத்தில் விரும்பிய விதத்தில் சொல்லவில்லை என்றும் எழுதினார். ஒருவர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளும் உரிமையைப் பற்றிய நாவலை எழுதியவருக்கே அந்த உரிமை மறுக்கப்பட்டது வேதனையானது. எழுதியவரின் அடையாளத்தைத் துருவிப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையை நான் ஆதரிக்காததற்கு இது ஒரு காரணம். தன்பாலீர்ப்பாளர்கள் எழுதியதைத் தேடி வாசிப்பது நல்ல விஷயம். அவர்கள் தாமாகச் சொன்னதை வைத்துத் தேடினால் போதும்.

வகையைத் தேர்ந்தெடுத்த பிறகு, கதை யாருடைய கண்வழியாகச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பல காதல் நாவல்கள் இருவர் பார்வையிலும் மாறி மாறிச் செல்கின்றன. ரேச்சல் ரீடின் 'ஹீட்டட் ரைவல்ரி' (2019) அப்படிப்பட்டது. போட்டி அணிகளின் ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்களான ஷேன், இலியா இருவரும் பல ஆண்டுகள் ரகசியமாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். இருவர் மனமும் வாசகருக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் மற்றவர் மனம் தெரியாது. இந்த முறையில் அநீதியான தீர்ப்புக்கு இடம் குறைவு. அதே காரணத்தால் சந்தேகத்துக்கும் இடம் குறைகிறது. இலியா அலட்சியமாகப் பேசும்போது அவன் உள்ளுக்குள் உருகுவது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. 'பாய்ஃப்ரெண்ட் மெட்டீரியல்' போலத் தன்மை இடத்தில் ஒருவர் மட்டும் பேசும் நாவலில், பேசுபவர் சொல்லாமல் விட்டதை வாசகர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தன் குறையை அறியாத ஒருவரின் வாயாலேயே அந்தக் குறையைக் கேட்பது கூடுதலான உழைப்பைக் கேட்கிறது. அந்த உழைப்புக்கேற்ற பலனும் உண்டு. குறைகளுக்காகவே வாசிப்பவர் ஒற்றைக் குரலை முதலில் தேர்ந்தெடுக்கலாம். 'மெமோரியல்' இரண்டு குரல்களையும் அடுத்தடுத்து முழுமையாகத் தந்து இந்தச் சிக்கலைக் கடந்துவிடுகிறது, ஆனால் அப்படி எழுத எல்லோராலும் முடிவதில்லை.

புத்தகத்தை வாங்குவதற்கு முன் முதல் சில அத்தியாயங்களை மாதிரியாக வாசிக்க முடிந்தால், இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். நாயகனின் குறையால் அவனைத் தவிர வேறு யாருக்காவது நஷ்டம் உண்டா என்பது ஒன்று. குடிப்பழக்கமும் கடுகடுப்பும் நாயகனை அழகாக்க மட்டும் பயன்பட்டால், அவன் நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் அதனால் ஒரு தொல்லையும் இல்லையென்றால், அந்தக் குறை ஒப்பனை. மற்றது, காமக் காட்சிகளில் அந்த இரு மனிதர்கள் தெரிகிறார்களா என்பது. யார் பேச்சை மாற்றுகிறார், யார் விளக்கை அணைக்கச் சொல்கிறார், முடிந்தபின் யார் உடனே எழுந்து உடுத்திக்கொள்கிறார் என்பதிலெல்லாம் குணம் வெளிப்பட வேண்டும். பெயர்களை மாற்றிவிட்டால் வேறெந்த நாவலுக்கும் பொருந்திவிடும் காட்சியாக இருந்தால், மீதிப் பக்கங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு தேர்வு, தனி நூலா, ஒரே ஜோடியைத் தொடரும் நூல்களா என்பது. காதல் நாவல் வரிசைகள் பெரும்பாலும் ஒவ்வொரு நூலிலும் புதிய ஜோடியைக் கொண்டுவரும். அதே ஜோடியிடம் திரும்பி வரும் நூல்களே இங்கே நம் கவனத்துக்கு உரியவை, ஏனென்றால் முதல் நூலின் சுப முடிவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று அவை பதில் சொல்லியாக வேண்டும். ரீட் 2022-இல் எழுதிய 'தி லாங் கேம்' ஷேனையும் இலியாவையும் மீண்டும் எடுத்துக்கொண்டு, ரகசியத்தை இத்தனை ஆண்டுகள் சுமந்ததன் விலையை இலியாவின் மனச்சோர்வில் காட்டுகிறது. ஷேன் அன்பானவன்தான், ஆனால் எச்சரிக்கை என்ற பெயரில் அவன் வைத்த ஒவ்வொரு கட்டுப்பாடும் தன் துணையின் மேல் எப்படிப் பாரமாக விழுந்தது என்பதை அவன் காண நெடுநாள் பிடிக்கிறது. ஹாலின் 'ஹஸ்பண்ட் மெட்டீரியல்' (2022) லூக்கையும் ஆலிவரையும் திருமணத்தின் வாசல்வரை கொண்டுவருகிறது. முடிவைச் சொல்லிவிடுவதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்: திருமணம் தங்களுக்குப் பொருந்தாது என்று இருவரும் உணர்ந்து, திருமணம் செய்துகொள்ளாமலேயே சேர்ந்து வாழ முடிவெடுக்கிறார்கள். சில வாசகர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. எனக்கோ, சுப முடிவு என்பதற்கு ஒரே வடிவம்தான் உண்டு என்ற கட்டாயத்தை அந்த இரண்டு பேரும் தங்கள் குணத்துக்கேற்ப மறுத்த இடம் அது.

ஆகவே, இந்த வகை நாவல்களை இதற்குமுன் வாசித்திராதவர் 'பாய்ஃப்ரெண்ட் மெட்டீரியல்' நூலில் தொடங்கி, பிடித்திருந்தால் அதன் இரண்டாம் நூலுக்கும், பிறகு 'கிளிட்டர்லேண்ட்' நூலுக்கும் போகலாம். காதல் நாவல்களின் நடையே தமக்கு ஒத்துவராது என்று உறுதியாகத் தெரிந்தவர் 'லெஸ்' வாசித்துவிட்டு 'மெமோரியல்' எடுக்கலாம். பதினைந்து பதினாறு வயது வாசகருக்குச் சைமனின் கதை போதும்; மற்றவை காத்திருக்கட்டும். 'ரியல் லைஃப்' நூலில் சிறுவயதுப் பாலியல் வன்முறையின் நினைவுகள் விரிவாக வருகின்றன. தற்கொலை எண்ணங்களைப் பற்றி வாசிப்பது கடினம் என்பவர் 'கிளிட்டர்லேண்ட்' நூலைத் தள்ளிப்போடுவது நல்லது. 'ஜியோவான்னிஸ் ரூம்' சிறிய நாவல். ஆனால் அதற்குப் பின் உடனே வேறொன்றை எடுக்க மனம் வராது என்பதால், மற்ற நூல்களை முடித்துவிட்டு அதற்கு வருவதே சரி.